ஐந்து பாலம்

எங்கள் பக்கம் மேடு கிடையாது.
அண்ணாந்து பார்க்க ஒரு குன்றுகூட இல்லாத மண்.
ஏற்றம் பழக வேண்டுமென்றால் பாலங்கள்தான்:
வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி,
கடைசியில் காவிரி.
தஞ்சாவூர் தாண்டித் திருவையாறு போய்ச் சேர்வதற்குள்
ஐந்து முறை சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கலாம்.
மீதியெல்லாம் காற்று.
ஆடியில் அது எதிரே வந்து நின்றால்
மலைக்கு மலை,
உச்சி மட்டும் இல்லை.

நாலே காலுக்கு அலாரம்.
ஹாஸ்டல் கேட்டைத் திறந்தபடி வாட்ச்மேன்
"இன்னைக்கும் பரீட்சையா பாப்பா?" என்பார்.
தலையாட்டுவேன்.
பொய்யென்று சொல்ல முடியாது.

ஒன்பது மணிக்கு எம்பிஏ இரண்டாம் ஆண்டு.
மேசைக்கு அடியில் தொடை தானாகத் துடிக்க,
மேலே பேராசிரியர் சொல்கிறார்:
எத்தனை எந்திரம் ஓடினாலும்
இருப்பதில் மெதுவானது எதுவோ
அதுதான் ஆலையின் வேகம்.
எழுதிக்கொண்டேன்.
அதன் கீழே, எழுதியது தெரியாமலே,
92, 94, 91:
காலையில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதித்தேன் என்று.

கல்விக்கடன் ஆறு லட்சம்.
சைக்கிள் நாற்பத்திரண்டாயிரம்,
பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டிச் சலித்தது.
முதலீடா, செலவா,
எந்தத் தலைப்பில் எழுத?
நட்டத்தில் ஓடுவதை மூடத்தான்
இங்கே சொல்லித்தருகிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரி குரூப் வேலை.
அம்மாபேட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலை,
ஏன் ஆர்டர் தாமதமாகிறது என்று
நாங்கள் மூவரும் கண்டுபிடிக்க வேண்டும்.
இத்ரீஸ் உமி நீக்கும் எந்திரத்தைச் சந்தேகப்பட்டான்.
ரெஜினா புது எந்திரத்துக்கு விலை தேடினாள்.
நான் எக்செல் கட்டங்களின் மேல்
கன்னம் வைத்துத் தூங்கிப்போனேன்.
எழுப்பியவள் கத்தவில்லை.
"உனக்கு சைக்கிள் இருக்கு தையல்,
எங்களுக்கு மார்க் மட்டும்தான் இருக்கு."

புரட்டாசி ஞாயிறு, காலை ஆறு மணி.
இருபத்து மூன்று பேர், அதில் பெண்கள் நால்வர்.
ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக
கடிகாரத்தோடு மட்டும் ஓட்டம்.
வடவாறு தெரியவே இல்லை.
வெண்ணாற்றில் ஒருவரை முந்தினேன்,
முந்தியது அவருக்கே வியப்பு.
பிறகு குறுவை.
பாதி ரோட்டில் நெல்,
தார்ப்பாய் போர்த்தி, கருங்கல் வைத்து,
விடிந்தும் எழாமல் படுத்திருந்தது.
ஒரு வைக்கோல் இழை கியரில் சுற்றிக்கொண்டு
கிர்ரென்று கூடவே வந்தது.

வெட்டாற்றுப் பாலத்தில்
அறுவடை எந்திரம்.
பாலத்தின் அகலமும் அதன் வாயின் அகலமும் ஒன்று.
எனக்கு முன்னால் ஒருவர் கால் ஊன்றி நின்றார்.
நானும் ஊன்றினேன்.
பின்னால் முந்தப்பட்டவரும் வந்து சேர்ந்தார், சிரித்தபடி.
"ஒதுங்க எடமில்லம்மா" என்றார் மேலிருந்த டிரைவர்.
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
மூன்று மாத விடியல்களில்
நான் குறைத்தது மொத்தம் ஐம்பது.

நின்ற இடத்தில்
ஒரு பெண் தார்ப்பாயை விலக்கிக்
காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறினாள்.
ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.
உதட்டைப் பிதுக்கி
மறுபடி மூடினாள்.

எந்திரம் நகர்ந்தபோதுதான் உறைத்தது.
உமி நீக்கும் எந்திரம் இல்லை ரெஜினா,
களம்.
காயாத நெல்லுக்காக
மொத்த ஆலையும் கால் ஊன்றி நிற்கிறது.

குடமுருட்டி எப்படிப் போனதென்று நினைவில்லை.
காவிரிப் பாலத்தில் என் பெயருக்கு நேரே
பத்தொன்பது என்று எழுதினார்கள்.
எந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.
எல்லோரும் சொன்னார்கள்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போன் போட்டேன்.
"ஞாயித்துக்கிழமைடி," என்று வைத்துவிட்டாள்.
நாலு நிமிடம் கழித்து ஒரு மெசேஜ்:
களம்னு எப்படித் தெரியும்?

பதில் அடிக்க விரலில் பலமில்லை.
உட்கார்ந்து கியரிலிருந்து
வைக்கோலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
திரும்பிப் போக அதே ஐந்து பாலம்,
காற்று இப்போதுதான் எழுகிறது.